ஆடாத கம்பெனிக்கு அதிக விலை

பம்பு கம்பெனியின் தலைமை அலுவலகத்திலிருந்து ஃபோர்மேனுக்கு அழைப்பு வந்தது. பட்டறைத் தள்ளுவண்டிக்குப் புதுச் சக்கரம் கேட்டு ஏழு மாதமாக அவர் எழுதிக்கொண்டிருந்த கடிதங்களுக்குத்தான் ஒருவழியாகப் பதில் வரப்போகிறது என்று அவர் நினைத்தார். இருபத்தாறு வருடம் பட்டறையில் நின்று கை காய்த்துப்போனவர். ஓடுகிற மோட்டார்மேல் உள்ளங்கையை வைத்தால் எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். தலைமை அலுவலகத்தின் பதினோராம் மாடிக்கு மட்டும் போனதே இல்லை. வெளுத்த சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு, சக்கரத்தின் அளவை ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அங்கே சக்கரத்தைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. உட்காரச் சொன்னார்கள். சாய்ந்தால் பின்னால் போகும் நாற்காலி அது. முதல் பத்து நிமிடம் அதோடு மல்லுக்கட்டுவதிலேயே போய்விட்டது.

எதிரில் இருந்தவர் மதிப்பீட்டுத் துறையின் தலைவர். ஒல்லியான மனிதர். பேசும்போது பல்லே தெரியாது. வார்த்தைகள் ஏதோ ரகசிய வழியில் வெளியே வந்தன. பக்கத்தில் ஆலோசகர். அவர் வாரம் ஒருமுறை விமானத்தில் வருவார். ஒரு நாளைக்கு அவருக்குக் கொடுக்கும் தொகையைப் பட்டறையில் யாரோ ஒருமுறை சொன்னபோது, மாதச் சம்பளமாக இருக்கும் என்று எல்லோரும் திருத்தினார்கள்.

"நம்ம கம்பெனி இன்னொரு கம்பெனியை வாங்கப் போகுது. அதுக்கான குழுவுல மெஷின் தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்கணும்னு விதி. ஒன்பது வருஷமா அந்த இடம் காலி. தணிக்கையில கேட்டுட்டாங்க. அதான் உங்களைக் கூப்பிட்டோம்" என்றார் தலைவர்.

"நான் என்ன சார் செய்யணும்?"

"வரணும். பார்க்கணும். கையெழுத்துப் போடணும். இடையில கருத்து ஏதாவது வந்தா அடக்கிக்கணும்."

பிறகு ஆலோசகர் எழுந்து பலகையில் ஒரு கோடு வரைந்து ஃபோர்மேனுக்குப் பாடம் நடத்தினார். சந்தை என்று ஒன்று இருக்கிறது. அது ஏறும், இறங்கும். அது ஏறும்போது ஒரு கம்பெனியும் கூடவே எவ்வளவு ஏறுகிறது, இறங்கும்போது கூடவே எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். அந்த ஆட்டத்தின் அளவுக்குப் பெயர் பீட்டா. ஆட்டம் கூடினால் ஆபத்து. ஆபத்து என்றால் விலை குறைவு. ஆட்டம் குறைந்தால் பத்திரம். பத்திரம் என்றால் விலை அதிகம். அவ்வளவுதான் விஷயம். இந்த ஒரு எண்ணைக் கண்டுபிடித்துவிட்டால் கம்பெனிக்குள் போகவே தேவையில்லை.

"உள்ள போகாம எப்படி சார் தெரியும்?"

"உள்ள போனா மனசு கலங்கிடும். ஆளுங்க, மெஷினு, சத்தம்... இதெல்லாம் பார்த்தா கணக்கு கெட்டுடும். ஆனா விதி இருக்கு. அதனால போவோம்" என்றார் ஆலோசகர்.

முதலில் போனது ஒரு வார்ப்பட ஆலைக்கு. பம்பின் வெளிக்கூடுகளை இரும்பை உருக்கி வார்த்துத் தருகிறவர்கள். ஃபோர்மேனுக்கு ஏற்கெனவே பழக்கமான இடம்; அங்கிருந்து வரும் கூட்டில் ஓட்டை என்று அவர் ஒரு முறைகூடத் திருப்பி அனுப்பியதில்லை. நடத்துகிறவர் ஒரு அம்மா. புருஷன் போன பிறகு மூடிவிடுவார் என்று ஊரே எதிர்பார்த்தது. இரண்டாவது உலையைக் கட்டினார். பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பதால் நல்ல கையில் ஒப்படைத்துவிட்டு ஓய்வெடுக்கலாம் என்று இப்போது நினைத்திருந்தார். முழங்கை வரை கரியோடு வந்து நின்றவர், கையைத் துடைத்துக்கொண்டு எல்லோருக்கும் நாற்காலி போட்டார்.

உலையை யாரும் பார்க்கவில்லை. தலைவர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சந்தை நல்லா இருக்கும்போது உங்க வியாபாரம் எப்படி இருக்கும்?"

"நல்லா இருக்குங்க. ஜனங்க வீடு கட்டுவாங்க, மோட்டார் வாங்குவாங்க, எங்களுக்கு ஆர்டர் குவியும்."

"சந்தை படுத்துட்டா?"

"கொஞ்சம் குறையும். ஆனாலும் உலையை அணைச்சதே இல்லைங்க. ஒரு ஆளையும் நிறுத்தல."

இரண்டு அதிகாரிகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தன் வாயாலேயே குற்றத்தை ஒப்புக்கொண்ட ஆளைப் பார்ப்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. ஆலோசகர் குறிப்பேட்டில் எழுதினார்: சந்தையோடு சேர்ந்து ஆடுகிறது. பீட்டா ஒன்று புள்ளி ஆறு. மிக ஆபத்து.

காரில் திரும்பும்போது ஃபோர்மேனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "சார், அந்தம்மாகிட்ட ரெண்டு வருஷத்துக்கு ஆர்டர் இருக்கு."

"அதைத்தான் நாங்களும் கவலையோட கவனிச்சோம்" என்றார் தலைவர்.

அடுத்த வாரம் இரண்டாவது கம்பெனி. கடைகளுக்குக் குளிர்பெட்டி செய்யும் தொழிற்சாலை. வாசலில் பூட்டு துருப்பிடித்துத் தொங்கியது. காவலாளியிடம் சாவி இருந்தது. ஆனால் பூட்டில் சாவி நுழையவில்லை. ஃபோர்மேன் ஒரு கல்லை எடுத்து இரண்டு தட்டு தட்டினார். கதவு திறந்தது, ஒரு பக்கக் கீலோடு தனியாகவே வந்துவிட்டது.

உள்ளே கூரையின் பாதி தரையில் கிடந்தது. மீதிப் பாதியில் புறாக்கள் குடும்பத்தோடு இருந்தன. தகடு வளைக்கும் மெஷினின் வாய்க்குள்ளிருந்து ஒரு செடி முளைத்து ஆள் உயரம் வளர்ந்திருந்தது. மின்கம்பிகளை யாரோ உருவிக்கொண்டு போயிருந்தார்கள். மூடி நாலரை வருடம் ஆயிற்று என்றார் காவலாளி.

தலைவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு காவலாளியை நெருங்கினார்.

"போன வருஷம் சந்தை பெரிய அளவுல விழுந்துச்சே, அப்ப இங்க என்ன ஆச்சு?"

காவலாளி யோசித்தார். "ஒண்ணும் ஆகலைங்க."

"அதுக்கு முன்னால சந்தை உச்சத்துக்கு ஏறிச்சே, அப்ப?"

"அப்பவும் ஒண்ணும் ஆகலைங்க."

"கொஞ்சம்கூட மாற்றம் இல்லையா?"

"புறா மட்டும் கொஞ்சம் கூடிப்போச்சு."

ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். முப்பது வருட அனுபவத்தில் இப்படி ஒரு பூஜ்யத்தைத் தான் பார்த்ததில்லை என்றார். "எத்தனையோ பெரிய கம்பெனிங்க, எத்தனையோ கோடி செலவு பண்ணி ஆட்டத்தைக் குறைக்கப் பார்க்குது. முடியல. இவங்க எந்தச் செலவும் இல்லாம சாதிச்சிருக்காங்க."

"சார், இது மூடிக் கிடக்கு" என்றார் ஃபோர்மேன்.

"அதனாலதான் ஆடல."

"வருமானமே இல்லாத இடத்துக்கு விலை எங்கிருந்து சார் வரும்?"

"மூணாவது வருஷத்துலேர்ந்து வருமானம் வரும்னு வெச்சுக்கிட்டிருக்கோம். வருஷத்துக்குப் பத்து சதவீதம் வளரும்னும் வெச்சுக்கிட்டிருக்கோம்."

"யார் சார் வெச்சுக்கிட்டது?"

"நாங்கதான்" என்றார் ஆலோசகர் பொறுமையாக. "வர்ற வருமானம் எவ்வளவுங்கறது சின்ன விஷயம். அது எவ்வளவு ஆடாம வருதுங்கறதுதான் பெரிய விஷயம். இங்க வர்றதுக்கே ஒண்ணும் இல்லைங்கறதால, ஆடறதுக்கும் ஒண்ணும் இல்லை."

அறிக்கையில் கையெழுத்துப் போடுமிடம் வந்தபோது ஃபோர்மேனுக்குக் கை ஓடவில்லை. வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லி வாங்கிக்கொண்டு, நேரே மனைவியின் கடைக்குப் போனார். பத்திர அலுவலகத்துக்கு எதிரில் மனைவி ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். ஊரில் உள்ள பொய்களில் பாதிக்குமேல் அவர் மெஷின் வழியாகத்தான் மூன்று பிரதிகளாகப் பிறந்தன. அதனால் காகிதத்தைக் கண்டு மிரளுகிற பழக்கம் அவருக்கு இல்லை. அறிக்கையைப் புரட்டினார்.

"குறிப்புன்னு கீழே ரெண்டு வரி இடம் விட்டிருக்காங்களே. கண்ணால பார்த்ததை அதுல எழுதிடுங்க. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா யாரும் உங்க மேல கை வைக்க முடியாது."

அவர் எழுதினார்: 'உள்ளே எந்த மெஷினும் ஓடவில்லை. ஓடும் நிலையிலும் இல்லை. கூரை இல்லை. கரண்ட் இல்லை. புறா இருக்கிறது.' கையெழுத்துப் போட்டார். மனைவி இரண்டு பிரதி எடுத்து வைத்துக்கொண்டார்.

வேலை போய்விடும் என்று நினைத்தபடிதான் அதைக் கொடுத்தார். ஆனால் மறுவாரம் இயக்குநர் குழுக் கூட்டத்துக்கு அவரையும் வரச்சொல்லி, நடுவில் உட்காரவைத்து, அவர் குறிப்பைச் சுவரில் பெரிதாகக் காட்டினார்கள். "ஆடவே ஆடாது என்பதற்கு இதைவிட நேரடிச் சாட்சியம் வேண்டுமா?" என்று ஆலோசகர் கேட்டார். யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. கை தட்டினார்கள்.

சேர்மன் எழுந்தார். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவர் என்று பெயர் எடுத்தவர்; அன்று சுருக்கமாகத்தான் பேசினார்.

"இந்தக் குளிர்பெட்டிக் கம்பெனி என் சம்பந்தியோடது. அதை நான் மறைக்க விரும்பல. அதனாலதான் கணக்கு போடுற வேலையிலேர்ந்து நான் சுத்தமா விலகி நின்னேன். விலை எவ்வளவுன்னு மட்டும்தான் சொன்னேன். ஏன் அந்த விலைங்கறதை இவங்க யாரோட தலையீடும் இல்லாம, சுதந்திரமா, விஞ்ஞான முறையில கண்டுபிடிச்சாங்க. நான் சொன்ன எண்ணும் இவங்களோட கணக்கு மாடல் சொன்ன எண்ணும் கடைசி இலக்கம் வரைக்கும் ஒண்ணா இருந்துச்சு. இதைவிட ஒரு மாடலுக்குப் பெருமை இருக்க முடியாது."

அன்றே வாங்கிவிட்டார்கள். வார்ப்பட ஆலையை வாங்கத் தேவைப்பட்டிருக்கும் தொகையைப்போல் மூன்று மடங்கு. ஃபோர்மேனுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அவர் அதை வீட்டில் கட்டிலுக்கடியில் முகம் தரையைப் பார்க்கும்படி வைத்தார்.

கதை அதோடு முடிந்திருந்தால் ஒரு பணக்காரன் இன்னொரு பணக்காரனுக்குச் செய்த உபகாரம் என்று விட்டுவிடலாம். ஆனால் மதிப்பீட்டுத் துறைக்கு ருசி கண்டுவிட்டது. இரண்டு கம்பெனியும் ஒன்றான பிறகு மொத்தத்துக்கும் பீட்டா பார்த்தார்கள். பாதி அசையாமல் இருந்தது, பாதி ஆடியது. ஆடுகிற பாதி எது என்று தேடினார்கள். ஃபோர்மேனின் பட்டறை அகப்பட்டது.

"நம்ம கம்பெனியோட மதிப்பை இத்தனை வருஷமா கெடுத்துக்கிட்டிருந்தது எதுன்னு இப்பத்தான் தெரியுது. உங்க பட்டறை சார்" என்றார் ஆலோசகர்.

"நூத்தி நாப்பது பேர் வேலை செய்றாங்க."

"அதான் பிரச்சினை. அவங்க வேலை செய்யச் செய்ய ஆடுது."

"அதை நிறுத்திட்டா அப்புறம் எதை சார் விக்கிறது?"

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். "அது உற்பத்திக் கூட்டத்துல கேட்க வேண்டிய கேள்வி. இது மதிப்பீட்டுக் கூட்டம்."

நிலைத்தன்மைத் திட்டம் என்று பெயர் வைத்து அறிவித்தார்கள். பம்பு கம்பெனி இனிமேல் பம்பு செய்யாது என்ற செய்தி வந்த அன்றே அதன் பங்கு பதினோரு சதவீதம் ஏறியது. பட்டறையையும் மெஷின்களையும் மதிப்புப் போட்டு விற்கும் பொறுப்பை, இப்போது பயிற்சி பெற்ற ஆளாகிவிட்ட ஃபோர்மேனிடமே கொடுத்தார்கள்.

செய்தி வந்த சாயங்காலம் பட்டறை வாசலில் யாரும் சத்தம் போடவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றும் பிரிவில் அவர் மைத்துனன் வேலை செய்தான். மனைவியின் ஒரே தம்பி. இரண்டு பெண் குழந்தைகள். அவன்தான் வந்து கேட்டான்.

"அத்தான், புறாக் கூண்டுக்கு நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்களாமே?"

"உள்ளதைத்தான்டா எழுதினேன்."

"உள்ளதை எழுதியுமா வாங்கினாங்க?"

ஃபோர்மேன் நேரே மனைவியின் கடைக்குப் போய் முக்காலியில் உட்கார்ந்தார். மனைவி மெஷினை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"நீங்க உள்ளதை உங்க பாஷைல சொன்னீங்க. அவங்க அதை அவங்க பாஷைல படிச்சுக்கிட்டாங்க. இந்தத் தடவை அவங்க பாஷைலயே சொல்லிப் பாருங்க. அப்பவும் உள்ளதைத்தான் சொல்லணும். ஒரு எழுத்துகூடப் பொய் வேண்டாம்."

மூன்று நாள் உட்கார்ந்து ஃபோர்மேன் பட்டறையின் மதிப்பீட்டு அறிக்கையை எழுதினார். எல்லா மெஷினும் ஓடுகிறது. பதினெட்டு மாதத்துக்கு ஆர்டர் இருக்கிறது. ஜனங்கள் வீடு கட்டினால் ஆர்டர் கூடுகிறது, கட்டாவிட்டால் குறைகிறது, ஆகவே சந்தையோடு பலமாக ஆடுகிறது. ஆட்கள் திறமையானவர்கள்; ஆகவே இந்த ஆட்டம் தானாக நிற்கும் என்று நம்ப இடமில்லை. பீட்டா இரண்டு. பதினோராம் மாடியில் இதைப் படித்துவிட்டுத் தலைவர் முதல் முறையாகப் பல் தெரியச் சிரித்தார்.

"கடைசியில புரிஞ்சுக்கிட்டீங்க. இவ்வளவு ஆபத்தை நம்ம கையில வெச்சிருந்தோமா!"

"யாராவது வந்தா தள்ளி விட்டுடறது நல்லது சார்."

"பழைய இரும்பு விலைக்குப் போனாக்கூடப் போதும்" என்றார் ஆலோசகர். அந்த விலையைத்தான் மாடலும் சொன்னது.

வாங்க வந்தது ஒரே ஒருவர். வார்ப்பட ஆலைக்கார அம்மா. ஓய்வெடுக்கிற யோசனையைத் தள்ளிப்போட்டுவிட்டு, உலைக்குப் பின்னால் காலியாக இருந்த கொட்டகையைச் சுத்தம் செய்து வைத்திருந்தார். கையெழுத்தாகும்போது தலைவர் அவரைப் பார்த்து, "உங்களுக்கு ஆபத்துன்னா பயமே இல்லையா?" என்று இரக்கத்தோடு கேட்டார்.

"பழகிப்போச்சுங்க" என்றார் அந்த அம்மா.

பதினான்கு லாரிநடையில் மெஷின்கள் போய்ச் சேர்ந்தன; ஃபோர்மேனும் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தார். ஆனால் கொட்டகை சின்னது. நூற்று நாற்பது பேரில் நூற்றுப் பதினாறு பேருக்குத்தான் இப்போதைக்கு இடம் என்று அந்த அம்மா ஒளிக்காமல் சொன்னார். விடுபடும் இருபத்து நான்கு பேரின் பட்டியலை எழுத வேண்டியவர் ஃபோர்மேன். காயில் சுற்ற ஆறு பேர் இருந்தார்கள். நாலு பேருக்குத்தான் வேலை. கடைசியாக வேலைக்குச் சேர்ந்த இருவரில் ஒருவன் மைத்துனன். பேனாவை மூடி மூடித் திறந்தார். வேறு யாரையாவது எழுதியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவன் பெயரை எழுதினார்.

மனைவி மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நாலாம் நாள் சோறு போடும்போது, "நீங்க செஞ்சது சரின்னு எனக்குத் தெரியும். அதுக்காக எனக்கு வலிக்கக் கூடாதுன்னு இல்லையே" என்றார். தம்பி வீட்டுக்குப் பை நிறைய மளிகை போயிற்று. ஃபோர்மேன் கவனிக்காததுபோல் இருந்தார். அடுத்த முறை பையை அவரே தூக்கிக்கொண்டு போனார்.

கொட்டகையில் பம்பு ஓட ஆரம்பித்து ஐந்தாம் மாதம் ஆர்டர் தாங்கவில்லை. சுவரை இடித்து நீட்டினார்கள். விடுபட்ட இருபத்து நான்கு பேரில் பத்தொன்பது பேர் திரும்ப வந்தார்கள். மூன்று பேருக்கு வேறிடத்தில் வேலை கிடைத்திருந்தது. மற்ற இருவரில் ஒருவர் ஊரை விட்டே போயிருந்தார். இன்னொருவர் கூப்பிடப் போனபோது படுத்த படுக்கையாக இருந்தார். ஃபோர்மேன் அவர் கட்டிலருகில் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தார். மைத்துனன் தன் பழைய ஸ்டூலைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வேலையில் உட்கார்ந்தான்.

பம்பு கம்பெனியிலோ எல்லாம் சிறப்பாக நடந்தது. இரண்டு தொழிற்சாலையும் மூடியிருந்தன. ஆட்டம் அறவே நின்றது. ஆண்டின் மிக நிலையான நிறுவனம் என்று ஒரு விருது வந்தது. விருது விழாவில் சேர்மன், "நாங்கள் எதையும் செய்யவில்லை, அதனால்தான் இது சாத்தியமாயிற்று" என்று தன்னடக்கத்தோடு பேசியதாகப் பத்திரிகையில் வந்திருந்தது. கொஞ்ச நாளில் அவர் தன் பங்குகளை நல்ல விலைக்கு விற்றுவிட்டு விலகிக்கொண்டார். ஆலோசகரின் விமானம் வேறு ஊர்களுக்குப் போக ஆரம்பித்தது.

ஒரு திங்கட்கிழமை காலை கொட்டகைக்கு ஒரு போன். தலைவர்தான்.

"கட்டடத்துல தண்ணி ஏத்துற பம்பு எரிஞ்சுபோச்சு. ரெண்டு நாளா பதினோராம் மாடிக்குத் தண்ணி வரல. கழிவறை இருக்கற நிலைமையை போன்ல சொல்ல முடியாது. நம்ம பழைய ஸ்டோர்ல பம்பு ஒண்ணாவது இருக்கும்னு தேடிப் பார்த்தோம்."

"இருக்காது சார். ஏழரைக் குதிரைச் சக்தி பம்பு இங்க ரெடியா இருக்கு" என்று ஃபோர்மேன் விலையைச் சொன்னார்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் காகிதம் புரளும் சத்தம். "இந்த விலையை எந்த மாடல்ல போட்டீங்க?"

"இரும்பு இவ்வளவு, செம்பு இவ்வளவு, ஆள் கூலி இவ்வளவு, மேல முதலாளியம்மாவுக்குக் கொஞ்சம். கூட்டினேன்."

"கூட்டினீங்களா?" தலைவர் குரலில் உண்மையான கவலை இருந்தது. "அப்ப இதுல ஆபத்துக்கான கணக்கு எங்க வருது?"

"பணம் கைக்கு வந்தப்புறம்தான் சார் வண்டி கிளம்பும்."

பதினோராம் மாடியில் ஆளாளுக்குப் பர்ஸைத் திறந்து பணம் சேர்க்க மதியமாகிவிட்டது. ஒரு மணிக்கு மைத்துனன் பம்பை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். அடித்தளத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, எரிந்ததைக் கழற்றி, புதியதைப் பொருத்தினான். மதிப்பீட்டுத் துறையின் தலைவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அவனுக்கு டார்ச் பிடித்தார். நாலு மணிக்குத் தண்ணீர் ஏறியது.